அத்தைக்கு நான் சொன்ன வில்லி

மார்ச் 4
அத்தைக்கு விழித்திரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டருக்குக் கோடி நன்றி. இரண்டு வாரம் முகம் குப்புறத்தான் படுக்க வேண்டுமாம். வலியைவிட அவருக்குப் பெரிய கவலை ஏழரை மணி சீரியல். "நீ பார்த்துச் சொல்லு, நான் கேட்டுக்கறேன்" என்றார். மாமியாருக்கே கண்ணாக இருக்கும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

மார்ச் 5
வில்லி அந்த வீட்டு இளைய மருமகள். வேலைக்காகப் புருஷனை வேறு ஊருக்குக் கூப்பிடுகிறாள், அதுதான் குற்றம். அவள் வாசலில் நின்றாலே தடதடவென்று இசை. தலையணையில் முகம் புதைத்தபடி அத்தை, "வந்துட்டாளா குடும்பத்தைப் பிரிக்கிறவ?" என்றார்.

எனக்கும் மாற்றல் வந்திருக்கிறது. புது ஊரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கே பொறுப்பாளர். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். என் கணவருக்குச் சம்மதம். ஆனால் அத்தையிடம் எந்த வாயால் சொல்வேன்?

மார்ச் 8
சண்டை நடந்தால் கேமரா மூத்தவள் கண்ணீரையே சுற்றிச் சுற்றி வருகிறது. இளையவள் கையில் தொடாத சாப்பாட்டுத் தட்டு. அதைச் சொன்னேன்.
"தட்டா?"
"எல்லாருக்கும் போட்டுட்டு இப்பதான் உட்கார்ந்தா அத்தை."
"சாப்பிட விட்டிருக்கலாம்" என்றார்.

மார்ச் 9
"இப்ப அவ மூஞ்சி எப்படி இருக்கு?"
"களைச்சுப் போயிருக்கு."
"மியூசிக் அப்படிச் சொல்லலையே."
"மியூசிக் போட்டவர் அவ மூஞ்சியைப் பார்க்கல போல."
அத்தை சிரித்ததில் கட்டிலே குலுங்கியது.

மார்ச் 12
நான் நியாயமாகத்தான் சொல்கிறேனா? அவள் பீரோ சாவியை ஒளித்ததை மறைக்கவில்லை. கை நடுங்கியதையும் சேர்த்துச் சொன்னேன். நடுங்கியதுதானே? நடுங்கியது என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 15
நாத்தனார் — நான் வைத்த பெயர் தலைப்புச் செய்தி — போன் செய்தார். ஸ்பீக்கரில் வீடே கேட்டது. "அம்மா, உன் மருமக வீட்டைப் பிரிக்கப் பாக்கறா. தம்பி வாய் தவறிச் சொல்லிட்டான்."
அத்தை "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். சீரியலும் வேண்டாமாம்.
மடச்சி, மடச்சி. நானே முந்திச் சொல்லியிருக்கக் கூடாதா?

மார்ச் 16
கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்து, அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். "போகணும்னு ஆசையா இருக்கு அத்தை. உங்களை விட்டுட்டுப் போக இல்ல. நீங்களும் வரணும்." அவர் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு என் நெற்றியில் விழுந்தது. "கண்ணு சரியாகட்டும், பாப்போம்" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 19
நிமிர்ந்து உட்காரலாமாம். பார்வை மங்கல்தான், ஆனால் நாளாக நாளாகத் தெளியுமாம். பக்கத்தில் உட்கார்ந்து சீரியல் பார்த்தோம். வில்லி ஒற்றைப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.
"நீ சொன்ன பொண்ணு இவ இல்லையே."
மாட்டிக்கொண்டேன். "எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது அத்தை."
"ம். எனக்கு நீ சொன்னவளே இருக்கட்டும்."

மார்ச் 22
துணி மடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் அத்தை நாத்தனாரோடு போனில்.
"யாரு பிரிச்சா? அவ வேலை சுத்தம்னு கூப்பிட்டுப் பொறுப்பு கொடுத்திருக்காங்க. அதை எங்கிட்ட சொல்லப் பயந்துக்கிட்டு, லீவு போட்டு எனக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்தா. நீ இங்க இருந்து பார்த்தா தெரியும்."
எனக்காகப் பேச ஒருவர். துணி நனைந்துவிட்டது.
அந்தப் பக்கம் நாத்தனார் ஏதோ நீளமாகக் கேட்டார். அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:
"அடுத்த மாசம் நான் புது ஊருக்குப் போறேன். முடிஞ்சா வந்து என் பெட்டியைக் கட்டிக் குடு."