மண் கேட்காத செடி

என் தங்கமே கமலா,

உன் செடி அழுகிவிட்டது. மூன்று இலை போய்விட்டது, நான்குதான் மிச்சம். சுற்றி வளைத்துச் சொன்னால் நீ கண்டுபிடித்துவிடுவாய், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

குன்னம் ரோட்டில் மாமரத்தை வெட்டிப் போட்டபோது, கிளையோடு கிடந்ததை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாயே, அந்த ஆர்க்கிட். தெருவில் எல்லாரும் அதைப் புல்லுருவி என்றார்கள். "இல்லங்க, இது மரத்த உறிஞ்சாது. சும்மா ஒட்டிக்கிட்டு நிக்கும், அவ்ளோதான்" என்று வந்தவர் போனவருக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாய். புருஷனை விட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவளுக்கு ஒரு தொட்டியோடு என்ன கொஞ்சல் என்று எனக்கு எரிச்சல். அன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. "வூட்டுல ஒரு புல்லுருவி போதாதுன்னு இன்னொன்னு வேற" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தால் நீ அடுப்படி வாசலில் நிற்கிறாய். செடியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாய்.

மறுவாரம் வயிற்று ஆபரேஷனுக்காக உன் அண்ணனோடு திருச்சி பஸ் ஏறும்போது, "நான் வர்ற வரைக்கும் அதப் பாத்துக்குங்க அண்ணி" என்றாய். நீ வரவில்லை, நீ போய்விட்டாய் என்று தந்திதான் வந்தது. மன்னிப்புக் கேட்க எனக்கு எங்கே நேரம் கொடுத்தாய்?

உனக்குச் செய்ய முடியாததையெல்லாம் செடிக்குச் செய்தேன். அதுதான் வினையாகப் போயிற்று. தொட்டிக்கு வெளியே வேர் தொங்குவதைப் பார்த்து, பாவம், இடமில்லாமல் தவிக்கிறது என்று நினைத்தேன். பெரிய தொட்டி வாங்கி, செம்மண்ணும் மக்கின சாணியும் போட்டு, ஒரு வேர்கூட வெளியே தெரியாமல் புதைத்தேன். கத்தரிச் செடிக்குச் செய்வதைத்தானே செய்தேன்? இரண்டு வேளையும் கிணற்றுத் தண்ணீர். அரியலூர்த் தண்ணீர்தான் உனக்குத் தெரியுமே, குடத்திலேயே சுண்ணாம்பு படியும். இலை மஞ்சளானதும் பசி போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் சாணி வைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அடித்தண்டிலிருந்து நாற்றம் வந்தது.

"தூக்கிப் போட்டுடு. என்னால பாக்க முடியல" என்றார் உன் அண்ணன்.

"போட மாட்டேன். அவ என்கிட்ட விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. முற்றத்தில் தொட்டியைச் சாய்த்து, அம்மிக் குழவியால் உடைத்தேன்.

ஐப்பசி மழையில் பிடித்துவைத்த தண்ணீரில் மண்ணையெல்லாம் கழுவினேன். வேர்களை விரலால் அழுத்தினால் முக்கால்வாசி கூழ். தொட்டதும் தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் நின்றது. உன் அண்ணன் சவர பிளேடை நெருப்பில் காட்டி எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பிடித்துக்கொள்ள நான் அறுத்தேன். உயிருள்ளதை அறுத்துவிடுவேனோ என்று ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக இருந்ததை மட்டும் விட்டேன். மூன்றே வேர் தேறியது. அறுத்த இடத்தில் மஞ்சள் தூள் வைத்துக்கொண்டிருந்தபோது, அவர் தலை நிமிராமல் பேசினார்.

"நீ அவள என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியும். பஸ்ல போறப்ப சொன்னா."

மஞ்சள் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "இத்தன நாளா ஏங்க கேக்கல?"

"கேக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. 'அண்ணி அன்னிக்குக் காலையிலேருந்து சாப்பிடல, அந்த எரிச்சல்ல பேசிட்டாங்க. நீ கேட்டுட்டீன்னா, நான் திரும்பி வந்தப்புறம் என் முகத்தப் பாக்கவே கூசுவாங்க'ன்னா."

நான் சாப்பிடாததை நீ எப்படிக் கவனித்தாய், கமலா? உனக்கு வயிற்றில் வலி என்பதையே நான் கடைசியாகத்தானே தெரிந்துகொண்டேன்? அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவர் செடியைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் நிழலில் ஆறப்போட்டோம். பிறகு பக்கமெல்லாம் ஓட்டை போட்ட தொட்டியில் கரித்துண்டு, ஓட்டுச்சில்லு, தேங்காய் மட்டை போட்டு நிறுத்தி, ஆடாமல் ஒரு குச்சியில் கட்டியிருக்கிறோம். வேரை மூடவில்லை; சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று நீ சொன்னது இப்போதுதான் உறைத்தது, அதற்கு மண்ணே வேண்டாம். ஐந்து நாள் தண்ணீர் காட்டவில்லை. சும்மா இருப்பதுதான் எனக்கு வேலையை விடக் கஷ்டமாக இருந்தது. இன்று காலை மழைத்தண்ணீர் தெளித்தேன். நனைந்ததும் ஒரு வேர் பச்சை காட்டியது. மற்ற இரண்டும் வெளுத்தே நிற்கின்றன. இலைகள் இன்னும் துவண்டுதான் கிடக்கின்றன.

பிழைக்கும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. தினம் காலையில் பார்ப்பேன், அவ்வளவுதான் என் கையில் இருக்கிறது. பிழைத்தாலும் போனாலும் நானே உனக்கு எழுதுவேன். என் தப்பை மறைக்க நீ யாரிடமும் சத்தியம் வாங்க வேண்டாம். இனி அதை என் வாயாலேயே சொல்லிக்கொள்கிறேன்.

உன் முகத்தைக் கூசியாவது ஒரு தடவை பார்க்க ஏங்கும்,
உன் அண்ணி