நாற்பது பேப்பரையும் தூக்கிப் போடு

இயேசு மரி சூசை துணை

நாகல் நகர், திண்டுக்கல்

அன்பு மகள் ஏஞ்சலினுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தம்பி டோனி எல்லோரும் சுகம். ஜப்பான் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன், இனி திட்டப்போகிறேன். போனில் திட்டினால் நீ அழுவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன், அதனால்தான் எழுதி, இதைப் படம் எடுத்து அனுப்ப டோனியிடம் சொல்கிறேன்.

அதிவேக ரயில் எந்தப் பக்கம் விட்டால் கட்டுப்படியாகும் என்று உங்கள் ஆபீஸ் பார்த்த மூன்று வட்டாரங்களில் திண்டுக்கல்தான் முதலிடம், பதினைந்தாம் தேதி அறிக்கை போகிறது, தயாரித்தவர்களில் என் பெயரும் இருக்கிறதுப்பா என்று நேற்று போனில் குதித்தாயே, எனக்கு அப்போதே சோறு இறங்கவில்லை. நீ அனுப்பிய நாற்பது படிவத்தையும் எப்படி நிரப்பினேன் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? மண்டியில் வாழைத்தார் ஏலம் முடிந்த கையோடு, மகள் வேலைக்கு வேணும், எழுதிக் கொடுங்கப்பா என்று அங்கே நின்ற விவசாயி, வியாபாரி எல்லோரிடமும் நீட்டினேன். நான் நீட்டினால் எவன் மாட்டேன் என்பான்? சென்னைக்கு இரண்டு மணி நேரத்தில் ரயில் போனால் மாதம் எத்தனை முறை போவீர்கள் என்ற இடத்தில் சிறுமலை மொக்கைச்சாமி, நாலு போதுமா மொதலாளி, பாப்பாவுக்கு நல்லதுன்னா பத்துன்னே போட்டுக்கங்க என்றார். அவர் திருச்சியைத் தாண்டியதில்லை. பிளஸ் டூ வரை என் மண்டியில் உட்கார்ந்தவள் நீ. மேல் சீப்பை மட்டும் பார்த்து விலை சொல்லாதே, தாரைத் திருப்பிப் பார் என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன்? நாற்பது பேரில் ஒருத்தன்கூடப் போகமாட்டேன் என்று எழுதவில்லையே, உனக்கு உறைக்க வேண்டாமா? தப்பு என் மேலும்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் ஆபீசில் ஒருத்தராவது இங்கே வந்து பஸ் ஸ்டாண்டில் செத்த நேரம் நின்று பார்த்திருக்கலாம்.

இன்று காலை எல்லோரையும் திரும்பப் பிடித்து, என் மகளை மறந்துவிட்டு நிஜத்தைச் சொல்லுங்கள் என்றேன். மொக்கைச்சாமி, எங்க மலைக்கு பஸ்ஸே நேரத்துக்கு வாரதில்ல, அம்புட்டு வேகமா மெட்ராஸ் போயி யாரைப் பாக்க என்றார். பூ வியாபாரி பழனிக்குமார், என் மல்லிகைய ஏத்துவாகளா, ஏத்தலைன்னா நான் மட்டும் வெறுங்கைய வீசிக்கிட்டுப் போயி என்ன செய்ய என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். மாதம் ஒரு முறையாவது போவேன் என்றவர்கள் மூன்றே பேர். ஜப்பானில் ஊருக்கு ஊர் ஆபீஸ் பையோடு ஏறுகிற ஜனம், ரயில் நிறைகிறது. இங்கே சரக்கோடு போகிற ஜனம், இரண்டும் ஒன்றா? நீ அனுப்பிய வரைபடத்தில் ரயில் கோடு கன்னிவாடி பொன்னழகுவின் தென்னந்தோப்பு நடுவே போகிறது. அது தெரியாமல் அவரும் மாதம் எட்டு முறை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார், எனக்காக.

அப்பா பெயர் கெடும் என்று மூடி மறைக்காதே. இந்தக் கடிதத்தையே உன் அதிகாரிக்குப் படித்துச் சொல். நீயாகச் சொன்னால் திட்டு விழும், அவர்களாகக் கண்டுபிடித்தால் உன்னை இனி எவனும் நம்ப மாட்டான். மாதா உனக்குத் துணையிருப்பாள், அம்மா தினமும் உனக்காக ஜெபமாலை சொல்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு. பதினைந்தாம் தேதிக்கு முன்னால் அதிகாரியிடம் சொல்லிவிடு, மறக்காதே. என் படிவத்தில் மாதம் ஆறு முறை என்று இருக்கும், அதை அடித்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை என்று எழுது. நீ சென்னையில் வந்து இறங்குகிற அன்றைக்கு மட்டும்.

கோபம் தீராத உன் அப்பா,
ம. கஸ்பார்