இரண்டாவது விசில்

25 ஜூலை, வெள்ளி
காலையிலேயே புழுக்கம். ஆடி வெள்ளி வேறு. வீதியில் கால் வைக்க இடமில்லை. பால் வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பினேன்.

அம்மா: "பஸ்ஸுக்கு எஞ்சின் மாத்தறியாமே?" ஆமாம் என்றேன். கிட்டத்தட்ட அதுதான். ஃபோனில் ஆடும் எங்கள் 'சத்திரம் சர்வீஸ்' பஸ் ஆட்டத்தை ஓட்டும் மென்பொருள் பழசாகிவிட்டது. செய்தவர்களே கைகழுவிவிட்டார்கள். ஆகஸ்ட் பிறந்தால் பழசில் செய்த எதையும் ஆப் கடையில் ஏற்ற விடமாட்டார்களாம். ஆகவே மொத்த ஆட்டத்தையும் புது எஞ்சினுக்குக் குடிபெயர்க்க வேண்டும். இனி ப.எ., பு.எ. என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது.

பு.எ.-இல் இன்றைய நிலவரம்:
- பேருந்துகள் வந்து சேர்ந்தன.
- காவேரிப் பாலம் வந்தது. கைப்பிடிச் சுவர் வரவில்லை.
- பயணிகள் வந்தார்கள், தலை இல்லாமல்.
- ராஜகோபுரம் படுத்துக் கிடக்கிறது. அம்மாவிடம் காட்டவில்லை.

26 ஜூலை, சனி
வெயில். தில்லை நகர் ஆபீஸ் ரூமில் ஏசி அவுட். யூசுப் விசிறி மட்டையோடு உட்கார்ந்திருக்கிறான். காலேஜில் ஆரம்பித்த கூட்டு, இன்னும் இரண்டே பேர்தான் கம்பெனி.

கோபுரத்தை நிமிர்த்தினான். தலைகளும் வந்துவிட்டன, எல்லாம் ஒரே தலை. "குடும்ப டிக்கெட்டுன்னு சொல்லிக்கலாம்" என்றான்.

பிறகு அவன் புது யோசனை. ஆட்டத்தில் ஒரு பஸ்ஸுக்கு இரண்டு பேர். ஒருவர் டிரைவர், ஒருவர் கண்டக்டர். இருவரும் வெவ்வேறு ஊரில் இருப்பார்கள். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு. ப.எ.-இல் விசில் வெறும் சத்தம், கேட்டு நடப்பது டிரைவர் பொறுப்பு. கேட்காமல் போகிறான் என்று தினம் பஞ்சாயத்து. இப்போது யூ. விசிலையே பிரேக்கோடு கட்டிவிட்டான். "ஒண்ணு அடிச்சா வண்டி தானா நிக்கும், ரெண்டு அடிச்சாத்தான் கிளம்பும். பு.எ.-ல இது ரெண்டே வரி பத்மா!" குழந்தை மாதிரி சந்தோஷம் அவனுக்கு. எனக்கும்தான். தலையாட்டினேன்.

வீட்டுக்கு: பருப்பு, அப்பா மாத்திரை (நீலம்), ஃபோன் சார்ஜர்.

28 ஜூலை, திங்கள்
மேகமூட்டம், மழை இல்லை.

மாலையில் வெள்ளோட்டம். தினசரி ஆட்டக்காரர்களை மட்டும் பு.எ.-க்குள் விட்டோம். அப்பாவும் ஏறினார். பக்கவாதம் வந்து இரண்டு வருஷம். வலது கை அசையாது, பேச்சு இல்லை. இடது கட்டைவிரல் உண்டு. அந்தக் கட்டைவிரலில் அவர் கண்டக்டர். டிரைவர் எப்போதும் செண்பகம், மணப்பாறையில் ஸ்கூல் டீச்சர். நேரில் பார்த்ததில்லை. ஸ்கூல் விட்டு வந்ததும் அவர் பஸ்ஸை எடுப்பார், அப்பா ஏறிக்கொள்வார்.

வீட்டிலும் அவருக்கு விசில்தான் பேச்சு. "காபி?" என்றால் ஃபோனில் இரண்டு விசில். வேண்டாம் என்றால் ஒன்று. அம்மா ஒருநாள் வெண்டைக்காய் என்றதும் அடித்த ஒற்றை விசிலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்றது. அப்பா விசில் அடித்தார். கிளம்பவில்லை. மறுபடி அடித்தார். அசையவில்லை. பின்னால் ஆறேழு பஸ் கட்டிக்கொண்டது. அரட்டைப் பெட்டியில் வசை பொழிந்தார்கள்.

"யோவ் கண்டக்டரு, தூங்குறியா?"
"பெருசு விசில முழுங்கிருச்சு போல."
"ஆளை மாத்துங்கப்பா."

செண்பகம் மட்டும்: "பரவால்ல சார், மெதுவா அடிங்க."

அப்பாவுக்குப் படிக்கக் கண் நன்றாகத் தெரியும். அதுதான் கொடுமை. ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா: "மனுஷரை நடுவழில எறக்கி விட்டுட்டியேடி."

29 ஜூலை, செவ்வாய்
தலைவலி. காபி மூன்று.

காரணம் கண்டுபிடித்துவிட்டேன்! முட்டாள்தனம் என்னுடையதே. இரண்டு விசிலுக்கு நடுவே விடும் இடைவெளியை நான் கடிகாரத்தில் கணக்கிடவில்லை, திரை மாறும் வேகத்தில் கணக்கிட்டிருக்கிறேன். பு.எ.-இல் திரை இரண்டு மடங்கு வேகம், ஆகவே இடைவெளி பாதி. அப்பாவின் 'ரெண்டு' அதற்கு 'ஒன்று, அப்புறம் இன்னொன்று' என்று கேட்கிறது. நில், நில் என்று.

சரிசெய்தேன். ஓடி வந்து அப்பாவிடம் ஃபோனை நீட்டினேன். அடித்தார். நின்றது.

இடைவெளியை ஒரு விநாடி ஆக்கினேன். நின்றது. இரண்டு விநாடி. நின்றது. அப்பா என்னைப் பார்த்தார். நான் ஃபோனைப் பார்த்தேன்.

30 ஜூலை, புதன்
காற்று. மாடியில் துணி ஒன்றும் மிச்சமில்லை, அம்மாவின் ஒன்பது கஜப் புடவை பக்கத்து வீட்டு டிஷ் மேல்.

இடைவெளியை மூன்று விநாடி ஆக்கியதில் மற்ற பஸ்ஸெல்லாம் அடுத்த விசில் வருமா வராதா என்று யோசித்துக்கொண்டே நிற்கின்றன. புகார் மேல் புகார். யூ. கத்தினான்.

"உங்க அப்பா ஒருத்தருக்காக மொத்த டிப்போவையும் நிறுத்துவியா?"

"உன் பிரேக்கைத் தூக்கிட்டுப் போடா. அது வந்துதான் எல்லாம் போச்சு."

"நீயும்தானே தலையாட்டின?"

டீ ஆறிப்போனது. அவன் வண்டியை எடுத்துக்கொண்டு பாலக்கரை வீட்டுக்குப் போய்விட்டான். நான் பு.எ.-ஐ வாய்விட்டுத் திட்டினேன், கீழே மெடிக்கல் ஷாப் வரை கேட்டிருக்கும். சனியன். நல்லா இருந்த வண்டியைக் கெடுத்த சனியன்.

31 ஜூலை, வியாழன்
அப்பா ஃபோனைத் தொடவில்லை. வீட்டில் விசில் சத்தமே இல்லை. அம்மா கேட்காமலே காபி வைக்கிறாள், கேட்காமலே டம்ளரை எடுத்துக்கொண்டு போகிறாள். அப்பா சாத்துமது சாதம் இரண்டு வாய், அதுவும் ரசத்தெளிவு மட்டும் விட்டு.

மாலை செண்பகத்தின் பஸ் சத்திரத்தில் தனியாக நின்றது. வேறு கண்டக்டர்கள் ஏறப் பார்த்தார்கள். கதவைத் திறக்கவில்லை அவர்.

யூ. போன் எடுக்கவில்லை.

1 ஆகஸ்ட், வெள்ளி
வெயில். ஞாயிறோடு பழைய சர்வரை அணைக்க வேண்டும், வாடகை நாள் முடிகிறது. ப.எ.-இலேயே இருந்துவிடலாம் என்ற ஆசைக்கும் ஞாயிறுவரைதான் ஆயுள்.

செண்பகத்துக்குப் போன் போட்டேன். முதல் தடவை. பின்னால் குக்கர் சத்தம்.

"வணக்கம் மேடம். சார் எப்படி இருக்காங்க? மூணு நாளா ஆளக் காணோமே."

புது எஞ்சினில் விசில் கோளாறு, பழசில் சரியாக வந்தது, அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். பழசில் இரண்டு விசிலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் இருக்கும், உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

குக்கரை அணைக்கிற சத்தம் கேட்டது.

"பழசுலயும் ஒண்ணுதாங்க மேடம் வரும். பொங்கலுக்கு அப்புறமே அப்படித்தான். முன்னெல்லாம் டக்டக்னு ரெண்டும் வரும். இப்ப ஒண்ணு வந்தாலே நான் எடுத்துருவேன். ரெண்டாவது பாலத்துக்கிட்ட வரும். அது வரைக்கும் நிக்க முடியுங்களா, பின்னாடி வண்டி நிக்குதே?"

குறித்துக்கொள்ள எடுத்த பேனாவை மூடி வைத்தேன்.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க."

வைத்துவிட்டேன். நன்றி கூடச் சொல்லவில்லை.

2 ஆகஸ்ட், சனி
பழைய ஃபோனைத் தேடி எடுத்தேன், அதில் ப.எ. ஆட்டம் அப்படியே இருக்கிறது. எதுவும் மாற்றாதது. அப்பாவின் கையில் கொடுத்தேன். "ரைட் குடுங்கோப்பா."

ஒரு விசில்.

கட்டைவிரல் மேலே போனது. நின்றது. அவர் அதையே பார்த்தார், வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோல. ஜன்னலில் காக்கா வந்து உட்கார்ந்து பறந்தது. நான் "போறும்ப்பா" என்று சொன்ன பிறகு இரண்டாவது வந்தது.

எஞ்சின் மேல் ஒரு தப்பும் இல்லை. ஒரு வாரமாக ஒரு பாவமும் அறியாத சாமானைத் திட்டியிருக்கிறேன். யூசுப்பையும்.

சமையலறையில் அம்மாவிடம் கேட்டேன். வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"ஒண்ணு அடிச்சாலும் வேணும்னுதான் அர்த்தம். வேண்டாம்னா மூஞ்சியத் திருப்பிப்பர். எனக்குத் தெரியாதா?"

"ஏம்மா எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ என்ன பண்ணுவே?"

என்ன பண்ணுவேன். டாக்டர் போன மாதமே "இனிமே கொஞ்சம் கொஞ்சமா இப்படித்தாம்மா" என்றார். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று மாத்திரைச் சீட்டை மடித்துப் பையில் வைத்தேன். மணப்பாறையில் முகம் தெரியாத டீச்சருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் காதில் எப்போதும் ஹெட்போன்.

அழுதேன். மாடியில், துணி எடுக்கிற சாக்கில்.

மாலை யூ. வீட்டுக்கே வந்துவிட்டான். சொன்னேன். யா அல்லா என்று படியிலேயே உட்கார்ந்தான். பிறகு லேப்டாப்பைத் திறந்து அந்த இரண்டு வரியையும் அழித்தான். "சண்டை வந்தா வரட்டும். வண்டி டிரைவர் கையிலயே இருக்கட்டும்." நானும் இடைவெளிக் கணக்கைத் தூக்கிப் போட்டேன். எத்தனை விநாடி வைத்தாலும் அடுத்த மாதம் போதாது.

"ஆட்டத்தைச் சரி பண்ணிட்டோம்" என்றான் போகும்போது. ஆமாம். ஆட்டத்தை.

3 ஆகஸ்ட், ஞாயிறு
ஆடிப்பெருக்கு. காவேரி இரு கரையும் தொட்டு ஓடுகிறது. அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் கூட்டத்தில் தலை காட்ட முடியாது. அம்மா விடிவதற்குள் போய்வந்துவிட்டாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு, அப்பாவுக்கு நெற்றியில் ஈரம் காயாத திருமண். மதியம் சித்ரான்னம் நான்கு வகை. அப்பா தேங்காய் சாதம் மட்டும்.

நான்கு மணிக்குப் பழைய சர்வரை அணைத்தேன். ஒரு பொத்தான்தான். பு.எ. எல்லோருக்கும் திறந்தது. யூ.: "கோபுரம் நிக்குது, மாஷா அல்லா."

சாயங்காலம் அப்பா பக்கத்தில் ஃபோனை வைத்தேன். தொடமாட்டார் என்று நினைத்தேன். சத்திரத்தில் செண்பகத்தின் பஸ் கதவைத் திறந்து நின்றது. அரட்டையில் ஒரே வரி: "சார், போலாமா?"

அப்பா ஃபோனை இழுத்துக்கொண்டார்.

ஒரு விசில். பஸ் உடனே கிளம்பியது. பின்னால் பஸ் எதுவும் கட்டிக்கொள்ளவில்லை. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அண்ணா சிலை தாண்டியது. கட்டைவிரல் திரைக்கு மேலே. பாலம் வந்தது, கைப்பிடிச் சுவரோடு. இரண்டாவது விசில் இங்கேதான் வரும் என்று அன்று போனில் சொன்னார் செண்பகம். கீழே நாங்கள் வரைந்த தண்ணீர், சின்னச் சின்ன அலை. பாலம் முடிந்தது. மாம்பழச்சாலை. அம்மா மண்டபம். விரல் இன்னும் இறங்கவில்லை. ராஜகோபுரம் தெரிகிறது. அப்பா என்னைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்க்கிறார்.