பழப்புளியில் குளித்த ரவைகள்

மச்சாள்,

கவுன்சில் அனுப்பிய 2009 குப்பைக் கலண்டரை எடுக்கப்போய், குளிர்ப்பெட்டிக் கதவிலிருந்த காந்தத்தை நேற்றுத் தட்டிவிட்டேன். அதில் ஒட்டிக்கிடந்த, துப்பாக்கியில் சுட்டுமுடித்த வெற்று ரவைக் கோதும் சேர்ந்து விழுந்தது. சுண்டுவிரல் நுனியளவு இரும்பு. டொக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பித்தளைக் கோதென்றால் கிணுகிணுத்திருக்கும். "இரும்புக்கு எங்கை குரல்?" என்பீர்கள்.

மேசையில் அண்ணை இருந்தார். நீங்கள் கண்மூடியதிலிருந்து உங்கள் மனுசன் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு ஹரோவுக்கு என்னிடம்தான் வருகிறார். குழம்பில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் ஒரே மாதிரிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். கோதைக் குனிந்து எடுத்தவர் ஒன்று கேட்டார். அதை எழுதுமுன் நாலு வருடமாக அவருக்குச் சொல்லாமல் வைத்திருந்ததை எழுதவேண்டும்.

பதினொரு வருட சுவிஸ் வாழ்க்கையில் நீங்கள் பழகிய ஒரே ஆடம்பரம் கைத்துப்பாக்கியால் இலக்குப் பார்த்துச் சுடுவது. பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாள் என்று சங்கத்துக்குப் போனவர், அவளையே வென்றுவிட்டீர்கள். லண்டனுக்கு வந்தபோது துப்பாக்கியை அங்கே உங்கள் தம்பி வீட்டில் விட்டுவிட்டு வந்தீர்கள். இந்த நாட்டுச் சட்டம் அதற்கு இடங்கொடாது. வெம்பிளியில் மணிக்கூடு திருத்தும் கடையில் வருடம் முழுக்கக் குனிந்திருப்பீர்கள், போட்டிக்கு மட்டும் விமானம் ஏறுவீர்கள். குறித்த புள்ளியை எட்டியவர்களுக்கு ஒரு சின்னப் பதக்கம் உண்டு. ஒரு வருடமும் நீங்கள் அதை விட்டதில்லை.

பித்தளைக் கோதா, இரும்புக் கோதா என்று என் குசினியில் எத்தனை சண்டை! துப்பாக்கியைத் தொட்டே அறியாத நான் இரும்பின் கட்சி. எவர்சில்வர் களிம்பு பிடிக்காது, தேய்க்கவும் தேவையில்லை என்பேன்.

"எவர்சில்வரோ? வார்னிஷ் பூசின இரும்பு பிள்ளை! பித்தளை வெடிக்கேக்கை விரிஞ்சு, பிறகு சுருங்கி வழிவிடும். இரும்பு உள்ளுக்கை இறுகி நிக்கும், கொண்ணரைப் போல."

அண்ணை பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொள்வார்.

நாலு வருடத்துக்கு முன் உங்கள் வலது கை நடுங்கத் தொடங்கியது. வைத்தியரிடம் உங்களைக் கூட்டிப்போனவள் நான். நடுக்கம் கூடத்தான் செய்யும் என்று அவர் சொன்னபோது உங்கள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். வெளியே வந்ததும், "இவருக்குச் சொல்லாதை. சொன்னால் விடமாட்டார். கடைசியா ஒருக்கா அந்தப் பதக்கத்தை எடுத்துப்போட்டு விடுறன்," என்றீர்கள். துணைக்கு நானும் சுவிசுக்கு வந்தேன்.

போட்டிக்கு முதல்நாள், சனிக்கிழமை, தம்பியோடு நீங்கள் வெளியே போயிருந்தீர்கள். அறையில் உங்கள் ரவைப் பெட்டிகள். நீங்கள் பார்த்துப் பார்த்து வாங்கி வைத்த பித்தளை, மங்கிப்போய்க் கிடந்தது. கடைசிப் போட்டிக்கு இப்படியா கொண்டுபோவது என்று எனக்கு மனம் கேட்கவில்லை. பழப்புளி கரைத்தேன். சட்டியில் கொட்டி, குத்துவிளக்குத் தேய்ப்பதுபோல ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவி, துண்டில் பரப்பி வைத்தேன். பொன்னாக மினுங்கின.

வாசலிலேயே நின்றுவிட்டீர்கள்.

"கழுவினனீயே?"

"ஓம். களிம்பாக் கிடந்தது."

"புளியிலயோ?"

"உப்பும் போட்டனான்."

கட்டிலில் பொத்தென்று இருந்தீர்கள். ஈரம் உள்ளே வெடிமருந்துவரைக்கும் போயிருக்கலாம், எது வெடிக்கும் எது வெடிக்காது என்று இனிச் சொல்ல ஏலாது என்று மெதுவாக விளங்கப்படுத்தினீர்கள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கடைகள் பூட்டியாயிற்று. மறுநாள் காலை சங்கத்து அலுமாரியில் உங்கள் துப்பாக்கிக்குப் பொருந்தியது இரும்புக் கோது மட்டும்தான் மிஞ்சியிருந்தது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்சநேரம் பார்த்தீர்கள்.

"மினுங்கிறது வேண்டாம் பிள்ளை. வெடிக்கிறதைத் தா."

இருபது வேட்டு. பதினேழாவதில் கோது உள்ளே இறுகிவிட்டது. நீங்கள் கையுயர்த்தினீர்கள், நடுவர் வந்தார், கம்பியால் தட்டி வெளியே எடுத்தார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். மிச்சம் மூன்றையும் சுட்டீர்கள். கடைசி வேட்டு விலகிப்போனது. பதக்கத்துக்கு ஒரு புள்ளி குறைவு.

விமானநிலையம் போகும் ரயிலில் நான் அழ, அந்தக் கோதை என் கைக்குள் வைத்து மூடினீர்கள். "கோதிலை பிழையில்லை. அதை எடுத்தாப் பிறகு மூண்டும் ஒழுங்காத்தான் வெடிச்சது. கடைசியிலை கை நடுங்கிப்போச்சு. என்ர நடுக்கத்தை உன்ர புளியிலை போடாதை."

நம்பினேன். நம்பினபடியால்தான் அதைக் குளிர்ப்பெட்டிக் கதவில் துணிந்து வைத்தேன்.

நேற்று அண்ணை அதை உள்ளங்கையில் உருட்டியபடி கேட்டார்: "இதுதானே அவளின்ர ஒரு புள்ளியைத் திண்டது?"

அவர் சொல்லிக்கொண்டு போனார். "இரும்பைப் பாவிச்சுப் பாக்க ஆசைப்பட்டவளாம். அது சிக்கிக் குழப்பிப்போட்டுதாம். கை கல்லு மாதிரி நிண்டதாம். 'நான்தான் பிழையா எடுத்துப்போட்டன்' எண்டாள். இருபத்தாறு வருசத்திலை பிழை எண்டு அவள் ஒத்துக்கொண்டது அந்த ஒருக்காத்தான்."

எனக்குக் கையைக் காட்டினீர்கள், அவருக்குக் கோதைக் காட்டினீர்கள். நான் குற்றவுணர்ச்சியில் வேகக்கூடாது, அவர் நடுக்கத்தை அறிந்து பயப்படக்கூடாது. அதற்காக, வாழ்நாள் முழுக்கப் பித்தளையின் கட்சியில் நின்ற நீங்கள் இரும்பை நானே தேர்ந்தேன் என்று தலையில் போட்டுக்கொண்டீர்கள். அந்தக் கடைசிப் புள்ளி உண்மையில் எதனால் போனது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு அது இனி வேண்டாம் மச்சாள். உங்கள் பதக்கத்தைக் கெடுத்தவள் நான் என்றிருந்தாலும், உங்கள் கோபத்தை நான் ஒருநாளும் காணவில்லை. அதுதான் என்னிடம் இருக்கிறது, அதை விடமாட்டேன்.

புளிக்கதையை அண்ணைக்குச் சொன்னேன். கழுவியது, பரப்பியது, உப்புப் போட்டது எல்லாம். முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார். கோதைத் தானே எழும்பிப்போய்க் காந்தத்தில் திரும்ப ஒட்டினார்.

வந்திருந்து ஒரு வாய் குழம்புச் சோறு சாப்பிட்டார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ரவைக்குப் போட்ட உப்பு இதுக்குப் போடேல்லையோ?" என்றார்.