மருதாணி மாப்பிள்ளை

28 நவம்பர் 1995, திருத்துறைப்பூண்டி

ஜாய்ஸ் வரும் தேதி உறுதியாகிவிட்டது. டிசம்பர் 19. குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போன பிறகு இதுதான் முதல் லீவு. சந்தோஷத்தில் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். நின்றிருக்கக் கூடாது. அவள் போகும்போது காதோரம் மட்டும் இருந்த நரை இப்போது உச்சிவரை குடியேறிவிட்டது. கூட்டிப்போகப் புருஷனுக்குப் பதிலாகப் பெரியப்பா வந்திருக்கிறார் என்று நினைத்துவிடுவாளோ?

1 டிசம்பர்

தலைக்கு டை வாங்கலாம் என்றால் கடைக்காரர் மகள் என்னிடம்தான் டைப்ரைட்டிங் படிக்கிறாள். ஊருக்கே தெரிந்துவிடும். முத்துப்பேட்டை போய் மாமியாரிடம், "ஒரு சிநேகிதருக்கு நரை..." என்று இழுத்தேன். அந்தக் காலத்துப் பக்குவம் சொன்னார்கள். மருதாணி, கரிசலாங்கண்ணி, நெல்லிக்காய் மூன்றையும் அரைத்து, டீத்தண்ணி விட்டு, இரும்புச் சட்டியில் ராத்திரி முழுக்க ஊறவைக்க வேண்டுமாம்.

"ஒரு மணி நேரம் தலையில இருந்தா போதும் மாப்பிள்ளை. அவர்ட்ட சொல்லுங்க."

3 டிசம்பர், ஞாயிறு

இரும்புச் சட்டி இல்லை. அலுமினியம் ஆகாதா என்ன? கரிசலாங்கண்ணி கிடைக்கவில்லை, அதற்கு ஈடாக மருதாணியைக் கூட்டினேன். ஒரு மணி நேரம் நல்லதென்றால் நாலு மணி நேரம் இன்னும் நல்லதுதானே? பூசிக்கொண்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனேன்.

எழுப்பியது மகள் ஜூலியட். கண்ணாடியைக் கொண்டுவந்து நீட்டினாள். கழுவிவிட்டுப் பார்த்தேன். கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. நரைத்ததெல்லாம் செங்கல் நிறம். நெற்றியும் காதும்கூட.

"ஏர்போர்ட்ல அம்மா உங்கள சுலபமா கண்டுபிடிச்சுடுவாங்கப்பா."

4 டிசம்பர்

மழையைச் சாக்காக வைத்துக் குரங்குக் குல்லாவோடு இன்ஸ்டிட்யூட் போனேன். பதினோரு மணிக்கு நல்ல வெயில். வேர்த்து வழிந்ததில் மறந்துபோய்க் குல்லாவைக் கழற்றினேன். எல்லா மிஷினும் ஒரே நேரத்தில் நின்றன.

7 டிசம்பர்

சீயக்காய், எலுமிச்சம்பழம், துணி சோப்பு. பளபளப்புதான் கூடியிருக்கிறது.

10 டிசம்பர்

வேளாங்கண்ணி பஸ் ஏறினேன். மொட்டை. நம் பக்கத்தில் யாரும் காரணம் கேட்காத ஒரே அலங்காரம். மொட்டை அடித்துவிட்டவர் மட்டும் கத்தியை நிறுத்தி, கீழே விழுந்த முடியைப் பார்த்தார். "இது என்ன சார் வேண்டுதல்?"

12 டிசம்பர்

மாமியார் வந்தார்கள். என் தலையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. "எம்மவ நல்லபடியா வந்து சேரணும்னு முடி குடுத்தீங்களா மாப்பிள்ளை!"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமாங்க" என்று வந்தது.

17 டிசம்பர்

ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் என்னை உதாரணம் காட்டினார். ஜூலியட் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

20 டிசம்பர்

வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். என் தலையைத் தடவி, "எனக்காகவா?" என்று அழுதாள். தலையாட்டினேன். பாவி.

22 டிசம்பர்

தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் – அலுமினியச் சட்டி உட்பட. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று உட்கார்ந்தாள்.

"நானும் ஒண்ணு மறைச்சுட்டேங்க. இன்னும் ரெண்டு வருஷம் அங்க வேலை பாக்கக் கையெழுத்துப் போட்டுட்டுதான் வந்தேன்."

23 டிசம்பர்

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? நான் யாரு இந்த வீட்டுல? சம்பளம் அனுப்புனா போதுமா? – நேரில் கேட்கத் தைரியமில்லை. இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன், பெரிய ஆள் மாதிரி.

25 டிசம்பர்

திருப்பலி முடிந்து வரும் வழியில் கேட்டேவிட்டேன்.

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"கேட்டா வேண்டாம்னுவீங்க. ஜூலியட் காலேஜ் போகணும்."

"வேண்டாம்னு சொல்லாம இருந்திருந்தா?"

"அப்பவும் அழுதிருப்பேன்" என்றாள்.

அதற்குமேல் எனக்குக் கோபப்படத் தெரியவில்லை. வாய்க்கால் ஓரமாகச் சேறு பார்த்து, கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

9 பிப்ரவரி 1996, வெள்ளி

போன வாரம் ஜாய்ஸை விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். இன்று எஸ்.டி.டி. பூத்துக்கு அவள் ஃபோன் வந்தது. முன்பெல்லாம் "நல்லா இருக்கோம்", "நானும் நல்லா இருக்கேன்" என்று வைத்துவிடுவோம். இன்று, கம்ப்யூட்டர் சென்டர் வந்த பிறகு இன்ஸ்டிட்யூட்டில் நாலு பேர்தான் மிச்சம் என்று சொன்னேன். போன வருஷம் அங்கே காய்ச்சலில் தனியாகக் கிடந்ததை அவள் சொன்னாள்.

பூத்துக்காரர் கண்ணாடிக் கதவைத் தட்டினார். "சார், வெளிய ஆளுங்க நிக்கிறாங்க."

நிற்கட்டும்.