இருவரிடமும் சொன்ன 'பார்க்கலாம்'

மார்ச் 1, ஞாயிறு

இன்றுதான் சன்னல் திறந்தது. குளிர்காலம் முழுக்க இறுகிக் கிடந்த சட்டத்தை என் மனைவி தோளால் ஓர் இடி இடித்தாள். மூன்று மாதமாகக் கேட்காத சத்தங்கள் எல்லாம் வாசலில் காத்திருந்தவை போல உள்ளே நுழைந்தன. எங்களுக்குக் கீழே முதல் மாடியில் இருமல். தரைத்தளத்தில் அண்ணி அண்ணனைத் திட்டுகிறாள். அண்ணன் ரேடியோவின் ஒலியைக் கூட்டுகிறார். வசந்தம் வந்துவிட்டது.

இருமுகிறவர் ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர். தினமும் காலையில் படிக்கட்டில் நின்று அன்றைய வானிலையை அறிவிப்பார். இதுவரை ஒன்றும் பலித்ததில்லை. அதனால் கட்டடத்தில் அவருக்குப் பெயரே வானிலை. "இனிமே பனி கிடையாது சார், எழுதி வெச்சுக்குங்க" என்றார்.

எழுதி வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 2, திங்கள்

பனி பெய்தது.

மார்ச் 4, புதன்

கட்டடச் சங்கத்தின் தலைவர் குளிர்காலத்தில் வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டார். தலைவர் பதவியிலிருந்து தப்பத்தான் வீட்டையே மாற்றினார் என்று ஒரு பேச்சு உண்டு. இன்று வானிலை கதவைத் தட்டி, "நீங்களே இருந்துடுங்களேன் சார். படிச்சவங்க" என்றார்.

"பார்க்கலாம்" என்றேன்.

நான் மறுத்தேன். நாகரிகமாக, முகம் கோணாமல், படித்தவன் மறுக்கிற மாதிரி மறுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பால் வாங்கக் கீழே போனபோது மூன்று பேர் "வணக்கம் தலைவரே" என்றார்கள்.

திரும்பிப் போய் 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அதற்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். ஒட்டியதில் என் பெயருக்கு ஒற்றெழுத்துப் பிழை வேறு. அதை மட்டும் திருத்திவிட்டு வந்தேன்.

மார்ச் 7, சனி

கட்டடத்தின் பின்புறம், மதிலை ஒட்டி, குளிர்காலத்தில் எல்லாரும் பனியை வாரிக் கொட்டிய குவியல் கரைந்துவிட்டது. அடியிலிருந்து ஒரு கையுறை, ஒரு நாற்காலிக் கால், நீளமாக ஒரு துண்டு நிலம் வெளிப்பட்டன. நிலத்தைச் சொந்தம் கொண்டாடத்தான் ஆள் வந்தது.

முதலில் என் மனைவி. ஒரு மாதமாக வீட்டில் தக்காளி நாற்று வளர்க்கிறாள். தயிர்க் கிண்ணங்களில். முதலில் சன்னல் விளிம்பில் இருந்தன, பிறகு சாப்பாட்டு மேசைக்கு வந்தன, இப்போது என் புத்தக அலமாரியின் இரண்டு தட்டுகளில் இருக்கின்றன. பெரிய அகராதி தரையில் கிடக்கிறது.

"என்னங்க, நீங்கதான் இப்ப தலைவர். அந்த மதிலோரத்துல நான் பாத்தி போட்டுக்கட்டுமா?"

"பார்க்கலாம்."

"சரி" என்றாள். அவ்வளவுதான். வழக்கமாக இதற்குப் பெருமூச்சு ஒன்று வரும். வரவில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

ஞாயிறு மதியச் சாப்பாடு எப்போதும் தரைத்தளத்தில், அண்ணன் வீட்டில். இன்று சாப்பாட்டுக்கு நடுவே அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"டேய், கார் வாங்கிட்டேன்டா."

அறுபத்திரண்டு வயது. வாழ்நாள் முழுக்கப் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். ஆயிரம் வண்டிகளை வெளியே அனுப்பியவர், எதிலும் ஓட்டுநர் பக்கம் உட்கார்ந்ததில்லை. குளிர்காலத்தில் யாருக்கும் சொல்லாமல் ஓட்டக் கற்று உரிமமும் வாங்கிவிட்டாராம். 

"மூணு தடவை" என்றாள் அண்ணி.

"மூணாவது தடவை பாஸ்."

"அதைத்தான் நானும் சொன்னேன்."

வண்டி அடுத்த வாரம் வருகிறது. மதிலோரத்தில் நிறுத்திக்கொள்ளலாமா என்று தலைவரைக் கேட்டார். என் மனைவி அப்போது சமையலறையில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்தேன். புதுச் சட்டை போட்டவனின் முகம்.

"பார்க்கலாம்ணா."

அந்தத் துண்டு நிலத்தில் ஒரு கார் நிற்கும். அல்லது நாலு பாத்தி நிற்கும். இரண்டும் சேர்ந்து நிற்காது. இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். ஏன் சொன்னேன்? அந்த நேரத்தில் சோறு சூடாக இருந்தது. வேறு காரணம் தோன்றவில்லை.

மார்ச் 14, சனி

காலையில் பல் துலக்கிக்கொண்டே சன்னல் பக்கம் போனேன். போயிருக்கக் கூடாது.

கீழே மதிலோரத்தில் அண்ணன் குனிந்து வெள்ளைச் சாயத்தால் தரையில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். மண்ணில் சாயம் நிற்காது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எதிரே என் மனைவி மண்வெட்டியோடு நின்றாள்.

"என்னம்மா, மண்வெட்டி எல்லாம்?"

"நீங்க என்ன அத்தான், சாயம் எல்லாம்?"

"கார் நிறுத்தற எடம். கோடு போட்டுட்டா வேற எவனும் கொண்டுவந்து நிறுத்த மாட்டான் பாரு."

"இங்கயா? இங்க நான் தக்காளி வைக்கறேன். உங்க தம்பி சொல்லிட்டாரே."

"என்கிட்டயும் சொல்லிட்டானே."

"உங்ககிட்ட என்ன சொன்னார்?"

"பாக்கலாம்னான்."

"எனக்கும் அதேதான் சொன்னார்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து மேலே பார்த்தார்கள். வாயில் நுரையோடு நின்றேன்.

அண்ணி தன் சமையலறைச் சன்னலிலிருந்து, "அவன்கிட்ட போய் வார்த்தை வாங்கினீங்களே, உங்க ரெண்டு பேரையும்தான் சொல்லணும்" என்றாள்.

மனைவி மேலே வந்ததும் கேட்டேன். நான் 'பார்க்கலாம்' என்றால் 'இல்லை' என்று அர்த்தம். இது அவளுக்குத் தெரியாதா?

"தெரியும். முப்பது வருஷமா நானே அப்படித்தான் அர்த்தம் பண்ணிக்கிட்டேன். மலைக்குப் போலாமான்னு கேட்டா பாக்கலாம். சுவருக்கு வேற கலர் அடிக்கலாமான்னா பாக்கலாம். இந்த வருஷம் தமிழ்ல அதுக்கு என்ன அர்த்தமோ அதை எடுத்துக்கிட்டேன். ஊர் புத்தகத்துக்கெல்லாம் பிழை பாக்கறீங்களே, சொல்லுங்க, இது தப்பா?"

பாடப்புத்தகப் பதிப்பகத்தில் அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பதுதான் என் வேலை. அவள் வாக்கியத்தில் பிழை இல்லை.

கீழே போனேன். அண்ணன் சாயத் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். "டேய், அப்பா பாக்கலாம்னு சொன்னா என்ன அர்த்தம்? ஆச்சுன்னு அர்த்தம். சைக்கிள் கேட்டேன், பாக்கலாம்னார். மறுநாள் வாசல்ல நின்னுது. நீ அதே வீட்லதானே வளர்ந்தே?"

அப்படியென்றால் பிறந்த வீட்டில் அது 'ஆம்'. என் வீட்டில் 'இல்லை'. நான் இரண்டு வீட்டுக்கும் ஒரே சொல்லை வைத்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை படிக்கட்டில் நடக்கும் சங்கக் கூட்டத்தில் தலைவர் முடிவு சொல்வார் என்று வானிலை அறிவித்துவிட்டார். இரண்டு பேரில் ஒருவர் என்னோடு பேசப்போவதில்லை. எந்த ஒருவர் என்பதை நான்தான் சொல்ல வேண்டுமாம்.

மார்ச் 15, ஞாயிறு

கார் வந்தது. பச்சை நிறம். கொண்டுவந்தவர் கண்ணிமைக்கும் நேரத்தில் தெருவில் நிறுத்திவிட்டுப் போனார். அதை ஒரு முழம் பின்னால் எடுக்க அண்ணனுக்கு அரை மணி ஆனது.

அழகான கார். அதைச் சொல்லக்கூட வீட்டில் பயமாக இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

'முடியாது' என்று சொல்லிப் பழகுகிறேன். கண்ணாடி முன்னால். முதல் முறை சொன்னபோது எனக்கே மனசு கஷ்டமாகி, கண்ணாடியில் இருந்தவனிடம் "தப்பா நினைக்காதீங்க" என்றேன்.

அலுவலகம் போகும் வழியில் மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். முடியாது. முடியாதுங்க. அது முடியாது அண்ணா. அது முடியாதும்மா. யாரிடம் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை. சொல் தயார்.

மார்ச் 18, புதன்

அய்யோ.

அலுவலகத்தில் கழிப்பறைக்கும் காகிதக் கிடங்குக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறேன். சன்னலோர மேசை கேட்டு எத்தனை வருஷம்! இன்று மேலாளர் வந்து, சிரித்துக்கொண்டே, "சார், சன்னலோரம் காலியாகுது. நீங்க வந்துடறீங்களா?" என்றார்.

"முடியாது" என்றேன்.

கணீரென்று. அறையே திரும்பிப் பார்த்தது. பழகினது வாயில் வந்துடுச்சு, நான் என்ன பண்றது? மேலாளர் இரண்டடி பின்வாங்கினார். "பரவால்ல சார், வற்புறுத்தலை" என்று சொல்லிவிட்டு நேரே பூகோளப் புத்தகக்காரரிடம் போனார். அவர் 'பார்க்கலாம்' என்றுகூடச் சொல்லவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

மதியம் முழுக்க அவர் முதுகில் வெயில் அடித்தது.

மார்ச் 20, வெள்ளி

ஆற அமர யோசித்தேன். கார் தெருவிலும் நிற்கும். தக்காளி தெருவில் நிற்காது. இவ்வளவுதான் விஷயம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம்.

இன்னொன்றும் இருக்கிறது. அண்ணன் பேச்சுக்கு நான் மறுபேச்சு பேசியதே கிடையாது. பள்ளியில் எந்தப் பாடம், எந்த வேலை, எந்த மாடியில் குடியிருப்பது, எல்லாம் அவர் சொன்னதுதான். பெரும்பாலும் சரியாகவே சொல்லியிருக்கிறார். அதனால்தான் கஷ்டம்.

மார்ச் 21, சனி

கூட்டத்துக்கு முன்னாலேயே போய்விட்டேன். படிக்கட்டில் எல்லார் எதிரிலும் சொல்வது சரியில்லை. அண்ணன் காருக்கு உள்ளே உட்கார்ந்து கண்ணாடியைச் சரி செய்துகொண்டிருந்தார். வண்டி ஓடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, மதிலோரத்துல நிறுத்த முடியாது. அது அவளுக்கு."

கண்ணாடியைச் சரிசெய்து முடித்தார். பிறகு இறங்கினார். கதவைப் பூட்டினார். பூட்டியதா என்று இழுத்துப் பார்த்தார்.

"சரிங்க சார்" என்றார்.

சார்.

மார்ச் 22, ஞாயிறு

மதியம் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டோம். படியில் இறங்கும்போது அண்ணன் சுவரோடு ஒதுங்கி, "போங்க சார், நீங்க போங்க. தலைவருக்கு ஆயிரம் வேலை" என்றார். அண்ணி அவர் முதுகுக்குப் பின்னால் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். அவருக்காகவா, எனக்காகவா, தெரியவில்லை.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மரியாதையைத் தாங்க முடியவில்லை.

மார்ச் 26, வியாழன்

மனைவி மண்ணைக் கொத்திவிட்டாள். மண் களிமண். எரு போடாமல் எதுவும் வராதாம். ஊருக்கு வெளியே நாற்றுப் பண்ணையில்தான் கிடைக்கும், கொண்டுவந்து தர மாட்டார்களாம்.

அண்ணனுடைய கார் தெருவில் மரத்தடியில் நிற்கிறது. வசந்தம் என்பதால் மரத்தில் பறவைகள் வந்து சேர்ந்துவிட்டன. தினமும் காலையில் துடைக்கிறார். துடைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து ரேடியோ கேட்கிறார். பிறகு வீட்டுக்குப் போய்விடுகிறார்.

மார்ச் 29, ஞாயிறு

தனியாகச் சாப்பாடு. வானிலை "நல்ல வெயில்" என்றார். மழை.

ஏப்ரல் 2, வியாழன்

மனைவி சன்னலருகில் நின்று வெகுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, அத்தானுக்கு வண்டியை நிறுத்த எடம் இல்லாதது குறை இல்லை."

"பின்னே?"

"போறதுக்கு எடம் இல்லை."

நான் இத்தனை நாளாக மேலிருந்து பார்த்தும் எனக்கு அது தெரியவில்லை.

ஏப்ரல் 4, சனி

காலையில் மனைவி நேராகக் கீழே இறங்கிப் போனாள். நான் சன்னலில். இந்த முறை பல் துலக்கிவிட்டுத்தான்.

"அத்தான், பண்ணை வரைக்கும் போகணும். எரு எடுத்துட்டு வரணும். என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?"

அண்ணன் துடைத்துக்கொண்டிருந்த துணியைப் பிழிந்தார். இன்னொரு முறை பிழிந்தார்.

"பாக்கலாம்மா" என்றார்.

எந்த வீட்டு அர்த்தம் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் சாவிச் சத்தம் கேட்டது.

மூட்டை தூக்க ஆள் வேண்டுமென்று என்னையும் கூப்பிட்டாள். முன்னால் அவர்கள் இரண்டு பேர், பின்னால் நான். அண்ணன் ஓட்டுகிற வேகத்தில் ஒரு தள்ளுவண்டிக்காரர் எங்களை முந்திப் போனார்; போகும்போது உள்ளே எட்டிப் பார்த்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். வழி முழுக்க மரங்களில் இளம்பச்சை. ஒவ்வொரு மரத்தையும் நிதானமாகப் பார்க்க முடிந்தது.

பண்ணையில் ஆறு மூட்டை. டிக்கியில் ஐந்துதான் போயிற்று. ஆறாவதை என் பக்கத்து இருக்கையில் ஏற்றினார்கள். புது இருக்கை, மேலே போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட அண்ணன் இன்னும் கழற்றவில்லை. மூட்டை கசிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் முகர்ந்து பார்த்தார்.

"அண்ணி கொல்லப் போறா" என்றேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

திரும்பும்போது முன்னால் பேச்சு களைகட்டிவிட்டது.

"சின்ன வயசுலயே இப்படித்தாம்மா. பசிக்குதாடான்னு கேட்டா பாக்கலாம்பான். பார்த்துட்டு எங்க பங்கையும் தின்னுடுவான்."

"கல்யாணத்தப்போ என்ன சொன்னார் தெரியுமா அத்தான்? என்னைப் புடிச்சிருக்கான்னு எங்க சித்தி கேட்டாங்க."

"சொல்லாதே. எனக்குத் தெரியும்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, நேராகி, மறுபடி ஊர்ந்தது. அடுத்த சனிக்கிழமை எங்கே போவது என்று அவர்களே பேசி முடிவு செய்தார்கள். மலைக்காம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த ஒரு மாதத்தில் இவ்வளவு நிம்மதியாக நான் எங்கும் உட்கார்ந்ததில்லை.

கட்டடத்துக்கு முன் திருப்பத்தில் அண்ணன் கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

"டேய், மூட்டை சாயுதுடா. பிடி!"

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.