இனிக்காத சீனி

ஸ்ரீமுஷ்ணம்,
14.6.2009

அன்புள்ள அண்ணன் இளவரசுக்கு,

தங்கை சத்யப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவும் நானும் சுகம் என்று எழுதத்தான் கை வருகிறது. உன் குரலைக் கேட்காமல் அதை எப்படி எழுதுவது? நேற்றிலிருந்து உன் செல் அணைந்தே கிடக்கிறது. நாளை ஷார்ஜாவுக்குத் திரும்பும் உத்திராபதி மாமாவிடம் இதைக் கொடுத்து, இறங்கியதும் முதலில் உன் அறைக்குப் போகச் சொல்லியிருக்கிறேன்.

உடனே உன்னிடம் இருக்கும் பழைய இட்லிப் பொடியைக் குப்பையில் கொட்டு. மாமா கொண்டுவரும் புது டப்பாவைத் தாராளமாகச் சாப்பிடலாம். காரணம் சொல்கிறேன், திட்டாமல் படி.

போன வருஷம் கம்பெனி நடத்திய மருத்துவ கேம்ப்பில் உனக்குச் சர்க்கரை என்றார்கள். நீ மாத்திரையே வேண்டாம் என்று வீம்பு பிடித்தாய். அதே சர்க்கரையில் அப்பாவுக்குக் காலை எடுத்ததைப் பார்த்த அம்மா சும்மா இருப்பாளா? வேலியில் படர்ந்திருக்கும் சிறுகுறிஞ்சான் கொடியின் இலையைக் காயவைத்து, உனக்கு அனுப்பும் பொடியில் சேர்த்து அரைத்திருக்கிறாள். கசப்பு தெரியாதிருக்க மிளகாயைக் கூட்டியிருக்கிறாள். நீயும் பொடி காரசாரம் என்று மெச்சிக்கொண்டாய்.

எனக்கு இன்று காலைதான் தெரிந்தது. புதிதாக அரைத்த பொடியைத் தோசைக்குத் தொட்டுத் தின்றுவிட்டுக் காபி குடித்தேன். துளி இனிப்பில்லை. சீனியை அள்ளி வாயில் போட்டேன், மணல் மாதிரி இருந்தது. சிதம்பரத்தில் எங்கள் காலேஜ் லேபில் இதே கூத்தை நடத்தியிருக்கிறோம். அந்த இலையில் ஜிம்னிமிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு நாக்குக்கு இனிப்பே தெரியாது. ரத்தத்தில் சர்க்கரையையும் இறக்கும் என்கிறார்கள். டீ வெந்நீர் மாதிரி இருக்குது, வேலை நேரத்துல கை நடுங்குது என்று நீ போனில் சொன்னது அப்போதுதான் உறைத்தது. உடனே உன் செல்லுக்கு மறுபடி அடித்துப் பார்த்தேன்.

ஏனென்றால் நீ பிறகு மாத்திரை போட ஆரம்பித்தது எனக்கு மட்டும்தானே தெரியும்! அம்மாவிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாய். அவளும் இலையைப் பற்றி உன்னிடம் மூச்சு விடவில்லை. ஒரே நோய்க்கு ஒளித்து ஒளித்து இரண்டு வைத்தியம். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும். நல்ல தாய், நல்ல பிள்ளை! நீ உட்கார்ந்திருப்பது ஆபீஸ் நாற்காலியில் இல்லை அண்ணே, கிரேன் மேலே.

சத்தியத்தை மீறி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முதலில், பச்சிலைதானே, என்னா பண்ணிடப் போவுது என்றாள். மாத்திரை விஷயத்தைக் கேட்டதும் அடுப்படிக்கு ஓடினாள். கட்டிவைத்த டப்பாவைப் பிரித்துக் கொட்டிவிட்டு, வெறும் உளுந்தும் மிளகாயும் போட்டு மறுபடி வறுக்கிறாள். வறுத்துக்கொண்டே, போன் அடிச்சுதா, போன் அடிச்சுதா என்று என்னை அரிக்கிறாள்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல். நீயாக மாத்திரையை நிறுத்தாதே. சட்டைப் பையில் சீனி வைத்துக்கொள். வியர்த்து நடுங்கினால் வேலையை விட்டுவிட்டு அதை வாயில் போடு. இனிக்கவில்லை என்று துப்பிவிடாதே. நாக்கை நம்பாமல் விழுங்கு.

அம்மா மேல் கோபம் வந்தால் என்னைத் திட்டு. டீ இனித்த அன்றைக்கு ஒரு மிஸ்டு கால் கொடு, போதும். நாங்கள் எடுக்க மாட்டோம். அது அடிக்கிற சத்தத்தை இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறோம்.

உன் போனுக்குக் காத்திருக்கும் தங்கை,
சத்யப்பிரியா